மத்தியானக் கரண்டு

லயத்து வீட்டில் பிறந்து, இன்று பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த தாமான் குடியிருப்பு வீட்டில் முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால், ஒரு வயருக்கு இத்தனை பேச்சா என்பார்கள். உங்களுக்கு அப்படித் தோன்றாது. உங்கள் வீட்டுச் சுவருக்கு மேலேயும் ஏதாவது ஒன்று போய்வந்திருக்கும்.

போன வாரம் என் ஈப்போ வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரில் கருகல் வாடை அடித்தது. பார்த்தால், சொருகுகிற பெட்டி ஒரு ஓரமாகப் பழுப்பேறிப்போயிருந்தது. மகள் ஜொகூரிலிருந்து கைப்பேசியில் முகம் காட்டி, "தூக்கி போடும்மா. புதுசு வாங்கிக்கலாம்லா. அத போயி நோண்டிக்கிட்டு," என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் மகளே, புது வயர் வாங்கக் கடைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆகும். பழையதைச் சரிசெய்தால் ஒரு மத்தியானமே கழியும். எனக்குக் கழிய வேண்டியது மத்தியானம்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்பாள், பிறகு வேலையில் மறந்துவிடுவாள்.

மூலைக் கடையில் ஒரு புதுப் பெட்டி மட்டும் வாங்கிவந்தேன். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சுவிட்சை அடைத்தால் எனக்குப் போதாது. பிளக் என் மடியில், என் கண்ணெதிரே கிடந்தால்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன். வீட்டுக்காரர் இருந்தவரை இதைப் பார்த்துக் கேலி செய்வார். "என்ன, தாலாட்டு பாடலியா?" என்பார். அவர் போனபிறகு கேலி செய்யவும் ஆள் இல்லை.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது, அப்பா இறந்ததற்கு அடுத்த வருட மழைக்காலத்தில்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் சுங்காய் பக்கம். பலகை வீடு, தகரக் கூரை. எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். உங்களுக்குத் தெரியும், அந்தச் சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு திறந்து கிடக்கும். அங்கே கருவாடு பொரித்தால் இங்கே மணக்கும். இங்கே தும்மினால் அங்கே 'நூறு' என்று வாழ்த்துவார்கள். அப்படித்தான் இருந்தோம், அப்பா இருந்தவரை.

சித்தப்பாவுக்கு எஞ்சின் ரூமில் வேலை. சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் எஞ்சினை ஓட்டினால்தான் தோட்டத்துக்குக் கரண்டு. பத்து மணிக்கு நிறுத்திவிடுவார். வீட்டுக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். சொருகுகிற இடம் யார் வீட்டிலும் கிடையாது. எஞ்சின்காரர் என்பதால் சித்தப்பா மட்டும் தன் வீட்டில் ஒன்று வைத்திருந்தார். அப்பா ஒரு ரேடியோ வாங்கியபோது, தன் அண்ணனுக்காகச் சித்தப்பா நீளமாக ஒரு வயர் செய்து, சுவருக்கு மேலே எங்கள் பக்கம் விட்டார். பிளக் அவர்கள் வீட்டில், பெட்டி எங்கள் வீட்டில். மிச்ச வயரைப் பெட்டியோரம் சுருட்டிக் கட்டியிருந்தார்.

ரேடியோ மரப்பெட்டி. முன்பக்கம் பச்சையாக ஒரு கண் எரியும். சூடேறினால் அதிலிருந்து வார்னிஷும் தூசியுமாக ஒரு வாடை வரும். அப்பாவின் சட்டை வாடை மறந்துபோயிற்று, அந்த ரேடியோ வாடை இன்னும் மறக்கவில்லை.

அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் சித்தப்பா, வீட்டடியில் நின்ற அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஞ்சின் ரூமுக்குப் போனார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் திரும்பி வந்ததும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்தா கொறஞ்சா போயிடும்?"

"எங்கண்ணன் சைக்கிள எடுக்க நான் யாரை கேக்கணும்?" என்றது சுவர்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாளுக்குப் பிறகு சித்தப்பா சைக்கிளை ஓட்டவே இல்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது அவர் வீட்டடியில் டயர் இறங்கி நின்றது.

ஆனால் வயர் நின்ற இடத்திலேயே இருந்தது. ஆறு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்கும். விளக்கு முதலில் மஞ்சளாக அழுது, பிறகு தெளியும். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். சித்தி பிளக்கைச் சொருகுகிறாள். ரேடியோவில் பச்சைக் கண் திறக்கும். படுக்கப் போகும்முன் இன்னொரு 'டக்'. கழற்றிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான்.

"அவ கரண்டு ஒண்ணும் எனக்கு வேணாம். உங்கப்பா ரேடியோ சும்மா கெடக்க கூடாதேன்னு பாக்குறேன்," என்பாள் அம்மா. நான் எதுவும் கேட்காமலே சொல்வாள்.

அம்மா காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். பால் நிறுத்துவிட்டு அப்படியே மானேஜர் பங்களாவில் துணி துவைக்கப் போய்விடுவாள். நான் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் மூடிவைத்த சோறு மட்டும் இருக்கும். வெளியே சுற்றக் கூடாது என்று கட்டளை. தகரக் கூரை சூட்டில் முறுகும் சத்தமும், தூரத்தில் ரப்பர் மரத்துக் கித்தாக்காய் வெடிக்கும் சத்தமும் தவிர மத்தியானத்தில் லயமே மூச்சுவிடாது. எனக்கு அப்போது பதினொரு வயது. தனியாக இருப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

சித்திக்குப் பிள்ளை இல்லை. காலையெல்லாம் ஆயாக்கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். வெற்றிலை இடிப்பாள். நான் சுவரில் சாய்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். உடனே அந்தப் பக்கம் இடிக்கும் சத்தம் நின்றுவிடும். நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும். பேசக் கூடாது என்று எனக்கும் உத்தரவு, அவளுக்கும் உத்தரவு. பலகையின் இரண்டு பக்கமும் முதுகை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் தோட்டத்துக்கு அரசாங்கக் கரண்டு வந்தது. சடக்குப் பாதையோரம் கம்பங்கள் நட்டார்கள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கிராணி, "இனிமே ராவும் பகலும் கரண்டு இருக்கும்," என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். விளக்குக் கம்பியை மாற்றினார்கள். சொருகுகிற இடமெல்லாம் பிறகு வரும் என்றார்கள். எஞ்சின் ரூமைப் பூட்டி, சித்தப்பாவைப் புல்லுக்கு மருந்தடிக்க அனுப்பினார்கள். அவர் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாமல் நடந்தார். "எங்கிட்டதான் மூஞ்ச தூக்கி வச்சிருக்காரு," என்று அம்மா நினைத்தாள். பாவம், அவர் எங்களை நினைக்கவே இல்லை. தான் ஓட்டிய எஞ்சின் சத்தம் இல்லாமல் ஆறு மணி வந்துபோவதை அவரால் தாங்க முடியவில்லை. அது இப்போது எனக்குப் புரிகிறது.

பகலில் கரண்டு இருக்கிறது என்று காதால் கேட்டோமே தவிர, எங்கள் உடம்பு நம்பவில்லை. ஆறு மணி ஆனால்தான் சுவிட்சைத் தட்டுவோம். லயத்தில் யாருமே பகலில் விளக்கு எரித்துப் பார்த்ததில்லை. பகலில் வயர் வெறும் கயிறு. துணி காயப்போட்டாலும் ஒன்றும் செய்யாது. இந்த நினைப்பில்தான் அத்தனை பேரும் இருந்தோம்.

சுவர்ப் பலகையின் விளிம்பில் உரசி உரசி, வயரின் மேல்தோல் அந்த இடத்தில் கிழிந்துபோயிருந்தது. அதற்கு முன்பும் கிழிந்திருக்கிறது. அம்மா பகலில் பெஞ்சில் ஏறி, அறுந்ததை முறுக்கி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் தந்த வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டிவிடுவாள். சித்தியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னதில்லை. பகலில் எஞ்சின் ஓடாதபோது எதற்குக் கூப்பிட வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில் கூப்பிடாமல் முடிகிற வேலை நல்ல வேலை.

ஒரு நாள் விடிந்ததிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. மத்தியானம் நான் பள்ளி விட்டு வந்தபோதும் அம்மா வீட்டில் இருந்தாள். முந்தின சாயந்திரம் ரேடியோ கரகரவென்று இரைந்து நின்றது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிளாஸ்திரிச் சுருளோடு பெஞ்சில் ஏறினாள். ஒரு கையால் கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வயரை இழுத்தாள்.

அம்மா கத்தவில்லை. அதுதான் பயங்கரம். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம், உடம்பு விறைத்துப்போய் நின்றது. வயரைப் பிடித்த கை விடவில்லை. நான் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"பாப்பா, அம்மாவ தொடாத."

சுவருக்கு மேலே அம்மாவின் விறைத்த கையைப் பார்த்திருக்க வேண்டும், அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல். எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. நான் நீட்டிய கை அப்படியே நின்றது. 'டக்' என்றது. அம்மா பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள்.

சித்தி மழையில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக ஓடிவந்தாள். அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்கையில் ஒரு கோடு கருகியிருந்தது. மூச்சு வந்தது. கண்ணைத் திறந்ததும் அம்மா கேட்டது இதுதான்.

"என்னைய கொல்ல பாத்தியா?"

"ஐயோ அக்கா."

"ஆறு மணிக்குத்தான சொருகுவ. மத்தியானத்துல எதுக்கு சொருகுன?"

சித்தி என்னைப் பார்த்தாள். "புள்ள தனியா கெடக்கேன்னுதான்க்கா. இப்பதான் பகல்லயும் கரண்டு இருக்கே, ரேடியோவாச்சும் கேக்கட்டும்னு. கரண்டு வந்ததுலேருந்து ஸ்கூல் விட்டு அவ வார நேரத்துக்கு சொருகித்தான் வைக்கிறேன். அவதான் ஒரு நாளும் தொறக்கல."

"வெளிய போ," என்றாள் அம்மா.

சித்தி போனாள். நான் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தனை மத்தியானமும் அதன் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தேன். குமிழைத் திருகினால் போதும், ஒரு மனுஷக் குரல் வந்திருக்கும். ஆறு மணி ஆகவில்லையே என்று நான் கை வைக்கவில்லை. பாடுகிறதா என்று சித்தி அந்தப் பக்கம் காது கொடுத்துக் காத்திருக்கிறாள், அவளால் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் கைக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கை ஆறும்வரை அம்மாவால் வெட்டுக் கத்தி பிடிக்க முடியவில்லை. வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் ஆள் இருந்தும் முன்னைவிட அமைதி. ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, வயர்ப் பெட்டியைக் காலால் மூலைக்குத் தள்ளிவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வேணும்னே சொருகி வச்சிருக்கா. நம்புற கதையா சொல்றா?" என்றாள். நான் ஒரு தரம், "சித்தி எனக்காகத்தாம்மா," என்றேன். "உனக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டாள். புருஷனை இழந்து, தனியாகப் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு யாரோ தன்மேல் அன்பாக இருக்கிறார்கள் என்று நம்புவதைவிடக் கெடுதல் செய்கிறார்கள் என்று நம்புவது லேசு போலிருக்கிறது. நானும் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் சுவருக்கு மேலே ஏதோ உரசியது. நிமிர்ந்து பார்த்தோம். பிளக் எங்கள் பக்கம் வந்து, மூன்று பல்லும் தெரியத் தொங்கியது.

"அக்கா," என்றாள் சித்தி அந்தப் பக்கமிருந்து. "கழட்டிட்டேன். ரெண்டு முனையும் உங்க வீட்லதான் இருக்கு. இனிமே யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. பாத்துக்குங்க."

அம்மா முதலில் ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இழுத்தாள். வயர் முழுவதும் சரிந்து வந்து தரையில் விழுந்தது. உட்கார்ந்து பிளக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மடியில இருந்தா யாரு சொருகுறா பாப்போம்," என்றாள் என்னிடம், சுவருக்குக் கேட்கும்படி.

காய்கறிக் கத்தியையும் பிளாஸ்திரியையும் எடுத்தபோது சித்தப்பாவின் குரல் வந்தது. அவர் வீட்டில் இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது.

"அண்ணி, முறுக்கி ஒட்டுற வேல வேணாம். கிழிஞ்ச எடத்தோட வெட்டி எறிஞ்சிடுங்க. நல்ல வயருல பிளக்க மாட்டிக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "வெட்டினா எட்டுமான்னு கேளு."

"சித்தப்பா, வெட்டினா..."

"கேட்டுச்சு. எட்டும். சுருட்டி கெடக்கே, அதுக்குத்தான் நீளமா வச்சேன்."

கயிற்றில் கட்டிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று சுவருக்கு மேலே இறங்கிவந்தது. அம்மா பிளக்கைத் திறந்தாள். திறந்ததும் அவள் முகம் மாறியது. உள்ளே பியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.

"பியூஸ்ல சிகரெட் தாளு சுத்தி வச்சிருக்கு. எஞ்சின் ரூம்காரரு வேல இதுதானான்னு கேளு."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.  அந்தப் பக்கம் சித்தி அடக்க முடியாமல் சிரித்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு தீப்பெட்டி பறந்துவந்து விழுந்தது. அதற்குள் ஒரு புதுப் பியூஸ்.

"தப்புதான் அண்ணி," என்றார் சித்தப்பா. "அந்த தாளு இருந்தா வயரு எரிஞ்சாகூட பியூஸ் போவாது. எடுத்துடுங்க."

பிறகு அவர் சொல்லச் சொல்ல அம்மா செய்தாள். பச்சை மேலே பெரிய பல்லுக்கு, அதை மட்டும் கொஞ்சம் நீளமாக விட வேண்டும், யாராவது இழுத்தால் கடைசியாக விடுபடுவது அதுவாக இருக்க வேண்டும். சிவப்பு பியூஸ் பக்கம். கறுப்பு மிச்சமுள்ள இடத்தில். செம்பு நூல் ஒன்றுகூட வெளியே தலைநீட்டக் கூடாது. வயரின் மேல்தோலை அடியிலிருக்கும் கட்டைக்குள் வைத்து இறுக்க வேண்டும். அம்மாவின் வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. அவள் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். இப்போதெல்லாம் சிவப்புக்குப் பதில் பழுப்பு, கறுப்புக்குப் பதில் நீலம். பச்சையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் அப்படியேதான்.

கடைசியில் சித்தப்பா அந்தப் பக்கமே பெஞ்சில் ஏறி, சுவர்ப் பலகையின் விளிம்பில் ஏதோ சுற்றி ஆணி அடித்தார். இனி வயர் உரசாமலிருக்க. கறுப்பாக, ரப்பர்.

"என்னன்னு கேளு," என்றாள் அம்மா.

"அண்ணன் சைக்கிள் டியூப்பு," என்றார் அவர். "கேக்காம வெட்டிட்டேன் அண்ணி," என்றார்.

 அம்மா மடியிலிருந்த பிளக்கை எடுத்துச் சுவருக்கு மேலே தள்ளினாள். அது அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"சொருகவா அக்கா?" என்று சித்தி கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கேள்வி அம்மாவுக்குத்தானே. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ம்," என்றாள் அம்மா.

'டக்' என்றது. நான் போய்க் குமிழைத் திருகினேன். பகல் வெளிச்சத்தில் பச்சைக் கண் வெளிறித் தெரிந்தது. வார்னிஷ் வாடை வந்தது. யாரோ ஒரு பெண் பாடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது.

அம்மா சாகும்வரை சித்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கைத் தழும்பைப் பற்றி யார் விசாரித்தாலும், "நான்தான் பாக்காம தொட்டுட்டேன்," என்றாள். வயரில் கைவைக்கும் முன்னால், "கழட்டி அனுப்பு," என்று குரல் கொடுப்பாள். பிளக் வந்து மடியில் உட்காரும். வேலை முடிந்து திருப்பி அனுப்பினால் சித்தி, "சொருகவா அக்கா?" என்பாள். அம்மா 'ம்' என்ற பிறகுதான் சொருகுவாள்.

அடுத்த மழைக்கு முன்னால் தோட்டம் கைமாறியது. செம்பனை நடப்போகிறார்கள் என்று எங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். சித்தியும் சித்தப்பாவும் சித்தியவான் ஊர்ப் பக்கம் போனார்கள். லாரியில் ரேடியோ ஏறியது, அந்தச் சைக்கிளும் எங்கள் லாரியில் ஏறியது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது அம்மா சித்தியிடம், "வயர பத்திரமா வச்சிருக்கியா?" என்று கேட்டாள். சித்தி விழித்தாள். "நீங்க எடுத்துக்குவீங்கன்னு விட்டுட்டு வந்தேன்க்கா," என்றாள். அம்மாவும் அவளுக்காகத்தான் விட்டுவிட்டு வந்திருந்தாள். அது சுவருக்கு மேலேயே கிடந்து, வீட்டோடு சேர்ந்து இடிபட்டிருக்கும். இன்று அம்மா, சித்தி, சித்தப்பா மூன்று பேருமே இல்லை.

போன வாரம் கருகின நுனியை வெட்டி, புதுப் பெட்டியில் பழுப்பையும் நீலத்தையும் பச்சையையும் அதனதன் இடத்தில் இறுக்கி மூடினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மடியிலிருந்து பிளக்கை எடுத்துக்கொண்டு சுவரண்டை போனேன். இங்கே சுவரைக் கல்லால் கூரைவரை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"சொருகவா?" என்றேன், வாய்விட்டு.

ஒரு 'ம்' வருகிற நேரம்வரை நின்றேன். பிறகு நானே சொருகி, ரேடியோவைத் திருகினேன். மணி மூன்று. பாடியது.